ஈரணி: முத்துக்கடற்கரையின் நீராடையும் தாவர இழைகளும்

பரிபாடலின் வையைப் பாடல்களைப் பாடஞ் சொல்லுங்கால் ஒரு சொல்லின்முன் நாம் ஒவ்வோர் ஆண்டும் சற்றே நின்று செல்வது வழக்கம். 'ஈரணி' என்பது அச்சொல். புனலாடச் செல்வோர் அதற்கென்றே அணிந்துகொள்ளும் ஆடையணியை அது குறிக்கும். வீட்டில் உடுப்பது வேறு, விழவிற்கு உடுப்பது வேறு, நீருக்கு உடுப்பது வேறு எனப் பகுத்துணர்ந்த வாழ்க்கை ஒன்று அச்சொல்லில் அடங்கிக் கிடக்கிறது. 'நீச்சலுடை' என இந்நாளில் வழங்கும் தொடர் மேலைநாட்டு வழக்கின் நிழலாகத் தோன்றினும் பொருள் நமக்குப் புதியதன்று.

சில ஆண்டுகட்கு முன் இச்சொல்லை விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, அந்த ஈரணி எந்தக் கடையில் கிடைக்கும்? எனக்கு ஒன்று வேண்டும்" என்றார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். பின்னர் வினவியபோதுதான் சிரித்தது பிழை என விளங்கிற்று. அவருடைய பாட்டனார் தூத்துக்குடியின் முத்துச் சலாபங்களில் மூழ்கியவர். தந்தையார் சங்கு குளித்தவர். அக்குடும்பத்துப் பெண்ணுக்கோ நீந்தத் தெரியாது. கற்க விழைகிறார், வீட்டிலும் தடையில்லை. தடை ஆடையில் வந்து நின்றது. கடையில் தொங்கும் நீச்சலுடைகள் நம் வீட்டுப் பெண்கள் உடுக்கத்தக்கன அல்ல. உடல் முழுவதையும் மறைக்கும் ஆடையோ முற்றிலும் செயற்கை இழை. அவருக்கு அது தோலில் தடிப்பை உண்டாக்கிவிட்டது. அன்றாடம் உடுக்கும் பருத்திச் சுரிதாரோடு இறங்கினால் கால்களைப் பின்னிக்கொள்கிறது.

இதனைச் சிறு பொருள் என்று தள்ளிவிட இயலாது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது கடலூர் மாவட்டத்தில் இறந்தோருள் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று ஆக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பிள்ளைகளைத் தேடி நின்றது முதலாகப் பல காரணங்கள் அங்கே சுட்டப்பட்டன. நீந்தத் தெரியாமை அவற்றுள் ஒன்று. கடலை நம்பி வாழும் கரையில் பாதிப்பேர் கடலில் மிதக்க அறியாதிருப்பது நமக்கு இயல்பாகிவிட்டது என்பதே வியப்பு. ஆகவே அம்மாணவியின் வினாவிற்கு விடை தேடிச் சென்றோம். சென்ற இடத்தில் தமிழாசிரியர்க்குப் பழக்கமில்லாத வேதியியலும் நெசவியலும் குறுக்கிட்டன. அறிந்தோரிடம் கேட்டும் படித்தும் தெளிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

குளியாளர் உடுத்தது

கொற்கை முத்தின் புகழை அகநானூறும் மதுரைக்காஞ்சியும் பேசுகின்றன. கொற்கை தூர்ந்தபின் காயலும், காயலுக்குப்பின் தூத்துக்குடியும் முத்துவணிகத்தின் வாயில்களாயின. பரதவரும் முசுலிம்களும் ஒரே பாரின்மேல் ஒரே பருவத்தில் மூழ்கினர். கடலடியில் சிப்பி படியும் பாறைத்திட்டினைப் 'பார்' என்பது இக்கரை வழக்கு. தொள்ளாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது.

முத்துக்குளிப்பவர் எடுத்துச் சென்ற கருவிகளை எண்ணிப் பார்த்தால், ஒரு கல்லைத் தவிர ஏனைய யாவும் தாவரத்திலிருந்து பிறந்தவை. மூழ்கு கல்லைக் கட்டியது கயிறு. சிப்பியை வாரிப்போடும் வலைப்பை கயிற்றுப் பின்னல். மேலே தோணி மரம். அதன் பாய் பருத்தி. இடையில் உடுத்தது பருத்தித் துண்டு. கல்லின்மேல் காலை ஊன்றி ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம்வரை இறங்கி, ஒரு நிமிடமோ சற்றுக் கூடுதலோ மூச்சடக்கிச் சிப்பிகளைத் திரட்டுவர். தோணியில் கயிறு பிடித்து நிற்பவர் குறிப்பறிந்து மேலே இழுப்பார். உயிர் அக்கயிற்றிலும் அதனைப் பிடித்த கையிலும் இருந்தது. அதனால்தான் கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் உறவினராகவே அமைந்தார் என்று முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம்.

ஆடை குறைவாக இருந்ததன் காரணம் வறுமை ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. ஓரிடத்தில் ஒரு சிறு தவற்றினைப் பலரும் செய்கிறோம். நனைந்த பருத்தி கனக்கும், ஆதலால் நீரில் அமிழ்த்தும் என்கிறோம். துணி குடித்த நீருக்கு நீருக்குள் எடை இல்லை. நீரை விட்டு வெளியேறித் தோணியில் ஏறும்போதுதான் அந்நீர் முழுவதும் சுமையாகத் தொங்கும். நீருக்குள் இடர் செய்வது துணியின் எடையன்று, அதன் அகலம். தொங்கும் துணி நீரைத் தடுக்கும், மடிப்புகளில் நீர் தேங்கிக் கூடவே இழுபடும், கால்களைச் சுற்றும். எனவே உடலோடு ஒட்டிய பருத்தியில் குற்றமில்லை. விரிந்து தொங்கும் பருத்தியிலேயே குற்றம். குளியாளர் துண்டை இறுகக் கட்டியது இதனை நன்குணர்ந்தே.

இதே தொழிலைச் செய்த பிற கரையினர் வேறு வகையில் உடுத்தினர். அரபு வளைகுடாவின் முத்துக்குளியாளர், சொறிமீன் மிகுந்த பருவத்தில் தலைமுதல் கால்வரை மூடும் மெல்லிய பருத்திச் சட்டை அணிந்து மூழ்கினர். ஒட்டித் தைத்த அவ்வாடை நீச்சலைத் தடுக்கவில்லை. கொட்டும் தொங்கல்களைத் தடுத்தது. சப்பானிய மூழ்குபெண்டிரான 'அமா'க்கள் பண்டு இடைத்துணி மட்டும் உடுத்திருந்து, பின்னர் வெண்பருத்தி மேலாடைக்கு மாறி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரப்பர் உடைக்கு மாறினர். முழு உடலையும் மறைத்த பருத்தியாடையோடு கடலடியில் உழைத்தல் இயலும் என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றாகும். நம் மாணவியின் வினாவிற்கு அரபுக் கடலில் ஒரு பழைய விடை இருக்கிறது என்பதில் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

தூத்துக்குடியில் 1955 முதல் தொடர்ந்து நடந்த சலாபங்கள் 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன. அதன்பின் சிப்பிகள் போதிய அளவு பாரில் சேரவில்லை. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தினை விளைவித்துக் காட்டினர். இயற்கை முத்துக்காக மூழ்கியோரின் தொழில் சங்கிலும் பிற கடல்பொருளிலும் ஒதுங்கியது. திரேசுபுரத்துச் சங்கு குளிப்போரின் முகத்தில் இன்று கண்ணாடி உண்டு; உடலில் பனியனும் காற்சட்டையும் உண்டு. தாவர இழை அவர்களுடைய கயிற்றிலிருந்தும் வலையிலிருந்தும் முன்னரே அகன்றுவிட்டது.

பாசியெடுக்கும் பெண்டிர்

நீச்சலுடை பற்றிய உண்மையான செய்தி நம் மன்னார் வளைகுடாவில் எங்கே இருக்கிறது என்று கேட்பின், பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களில் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் இருக்கிறது என்போம். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று அவர்கள் பெயரிட்டழைக்கும் பாசிகளை மூழ்கிப் பறிக்கின்றனர். சேலையை இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஆண்கள் அணியும் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணிக்கீற்றுகளைச் சுற்றிக்கொண்டு இறங்குகின்றனர். மாதத்தில் பன்னிரண்டு நாள்கள் மட்டுமே பாசி எடுப்பது என அவர்களே வரம்பு செய்துகொண்டுள்ளனர். அவ்வூரினரான இலட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டு சீகாலஜி பரிசு வழங்கப்பட்டது.

எந்த ஆடை வல்லுநரும் அவர்களுக்கென ஓர் உடையை வகுத்துத் தரவில்லை. உடல் மறைய வேண்டும், கைகால் வீச வேண்டும், பவளப்பாறை கீறக் கூடாது, வெயில் சுடக் கூடாது, கரையேறியதும் விரைவில் உலர வேண்டும் என்னும் ஐந்து தேவைகட்கும் வீட்டில் கிடந்த பழந்துணிகளைக் கொண்டே விடை கண்டிருக்கின்றனர். உலகின் பெருங்கடைகளில் விற்கும் நீச்சலுடைகள் பெரும்பாலும் ஓய்வுக்கு உரியவை. இதுவோ உழைப்பிற்கு உரிய ஈரணி. ஆய்வு செய்வோர் இங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

நீரில் நூல் என்ன ஆகிறது

பருத்தி இழை ஏறத்தாழ முழுவதும் செல்லுலோசு என்னும் பொருளால் ஆனது. அப்பொருளுக்கு நீரின்மேல் பெருவிருப்பம். சாதாரணக் காற்றிலிருந்தே 100 கிராம் உலர்ந்த பருத்தி 8 கிராமுக்குச் சற்று மிகுதியான ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். நைலான் ஏறத்தாழ 4 கிராம். பாலியெசுடரோ அரைகிராமும் கொள்ளாது. பாலியெசுடர் துணி விரைந்து உலர்வதும், பருத்தி வேர்வையை உறிஞ்சுவதும் இவ்வேறுபாட்டினாலேயே.

பலரும் அறியாத இன்னொரு பண்பு பருத்திக்கு உண்டு. நனைந்தால் அதன் வலிமை குறைவதில்லை, கூடுகிறது. ஆளி நாருக்கும் இப்பண்பு உண்டு. மரக்கூழைக் கரைத்து நூற்கும் விசுகோசோ நனைந்ததும் ஏறத்தாழப் பாதி வலிமையை இழந்துவிடும். இரண்டும் செல்லுலோசே, ஒன்று செடியிலேயே இழையாக வளர்ந்தது, மற்றொன்று ஆலையில் கரைந்து மீண்டும் இழையானது. 'மூங்கில் துணி' என்று இந்நாளில் விற்கப்படுவதிற் பெரும்பகுதி இவ்விசுகோசுதான். அதனை மூங்கில் என்று மட்டும் எழுதி விற்றல் தவறு என அமெரிக்க வணிக ஆணையம் 2009இல் நடவடிக்கை எடுத்தது. பெயரில் பச்சை இருப்பது கண்டு மயங்கலாகாது.

நனைந்த பருத்தி வீங்கும். இவ்வீக்கத்தையே ஒரு காலத்தில் உயிர்காக்கும் கருவியாக்கினர். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய வானூர்திகள் குளிர்ந்த வடகடலில் வீழ்ந்தபோது வானோடிகள் சில நிமிடங்களில் விறைத்து மாண்டனர். மான்செசுடரின் சர்லி ஆய்வு நிலையத்தார் நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து 'வென்டைல்' என்னும் துணியை உருவாக்கினர். உலர்ந்திருக்கையில் அது காற்றை விடும். நீர்பட்டதும் இழைகள் வீங்கி நெசவின் கண்களை அடைத்துக்கொள்ளும். மெழுகோ இரப்பரோ பூசாமல் பருத்தி தானே கதவடைத்துக்கொள்கிறது. 1943 முதல் அவ்வுடை பயன்பட்டது. நீருக்குத் தாவர இழை ஆகாது என்போர்க்கு இதனைச் சொல்லலாம்.

குறைகளையும் மறைக்கலாகாது. பருத்திக்கு மீள்தன்மை குறைவு; முழங்காலில் இழுபட்ட துணி அப்படியே தொங்கும். மெல்ல உலர்வதால் ஈரத்தோடு நெடுநேரம் இருப்போர்க்கு உடல் குளிரும். உப்பு காய்ந்து தோலை அரிக்கும். ஒளிபற்றிய ஒரு குறை நம் மக்கட்கு இன்றியமையாதது: வெள்ளைப் பருத்தி நனைந்தால் ஊடுருவித் தெரியும். இழைகட்கு இடையே காற்று இருக்கும்வரை ஒளி சிதறித் துணி வெண்மையாய் மறைக்கிறது. காற்றின் இடத்தில் நீர் புகுந்ததும் சிதறல் குறைகிறது. ஒளி ஊடே செல்கிறது. மறைத்தல் என்பது ஆடையின் முதற்கடமை என்று கொண்ட நமக்கு, இக்குறைக்கு மருந்து அடர்நிறமும் இரட்டைத் துணியும் நெருங்கிய பின்னலுமே. சட்ட நூலார் அவ்ரத் மறைத்தலைப் பேசுமிடத்தில் உடல் தெரியும் மெல்லிய துணியை விலக்கியதன் பொருள் கடற்கரையில் நன்கு விளங்கும்.

இனி, கடலில் பருத்தி அழுகும். நுண்ணுயிர்களுக்குச் செல்லுலோசு உணவு. இதனை அறிந்த பழைய மீனவர், பருத்தியாலும் சணப்பாலும் முடைந்த வலைகளைப் பனிச்சங்காய்ச் சாற்றிலோ மரப்பட்டைத் துவரிலோ தோய்த்துக் காயவைத்தனர். துவர்ப்பொருள் இழையைக் காத்தது. நூலும் தாவரம், காப்பும் தாவரம். ஆயினும் அடிக்கடி தோய்க்க வேண்டும், காயவைக்க வேண்டும், கிழிந்தால் முடைய வேண்டும். 1950களின் பிற்பகுதி தொடங்கி நைலான் வலை பரவியபோது இவ்வுழைப்பு முழுவதும் நீங்கியது. அழுகாத வலையை மீனவர் வரவேற்றதில் வியப்பில்லை. அதனைக் குறைகூற நமக்கு உரிமையும் இல்லை. அழுகாமையே பின்னர் கேடாயிற்று என்பது மட்டும் உண்மை. அறுந்து கடலில் போன பருத்தி வலை சில திங்களில் மக்கிப்போகும். அறுந்துபோன நைலான் வலை ஆளில்லாமலே ஆண்டுக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

செயற்கை இழை நீச்சலுடையைக் கைப்பற்றிய வரலாறு நெடியதன்று. மேலைநாட்டார் முன்பு கம்பளியில் நீந்தினர். பார்க்கவே பாவமான காட்சி. 1930களில் இரப்பர் நூலின்மேல் பருத்தி முதலியவற்றைச் சுற்றிய 'லாசுடெக்சு' வந்தது. 1938இல் நைலான் அறிவிக்கப்பட்டது. 1958இல் டூபாண்ட் நிறுவனத்து வேதியியலார் சோசப் சிவர்சு, பன்மடங்கு நீண்டு மீளும் இழையைக் கண்டார், அதுவே ஸ்பான்டெக்சு. இன்று கடையில் வாங்கும் நீச்சலுடை பெரும்பாலும் நைலானோ பாலியெசுடரோ ஸ்பான்டெக்சோடு கலந்தது. 2004இல் ஆத்திரேலியாவின் அஹேதா ஸனெட்டி முசுலிம் பெண்கட்கென வடிவமைத்துப் 'புர்கினி' எனப் பெயரிட்ட முழுவுடலாடையும் இவ்வகை இழையாலேயே ஆகியது. 2016இல் பிரான்சின் கடற்கரை நகரங்கள் சில அதனைத் தடைசெய்தன. அந்நாட்டு உயர் நிருவாக நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்தது. உடலை மூடியதற்காக ஒரு பெண்ணை நீரிலிருந்து விலக்குவதும், மூட வழியில்லாததால் ஒரு பெண் நீருக்கே வராதிருப்பதும் விளைவில் ஒன்றே.

உப்பில் கலந்த நூல்

செயற்கை ஆடை ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத நூல்துகள்களை உதிர்க்கிறது. ஆறு கிலோ துணியை ஒருமுறை துவைத்தால், பாலியெசுடராயின் ஏறத்தாழ 4,96,000 துகள்களும், அக்ரிலிக்காயின் 7,00,000க்கு மேலும் வெளியேறலாம் என்று பிரித்தானியாவின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016இல் மதிப்பிட்டனர். இவை சாக்கடை வழியே கடலை அடைகின்றன.

தூத்துக்குடியாருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. நம் நாட்டின் உப்பு விளைச்சலில் குசராத்திற்கு அடுத்த நிலையில் நிற்பது இவ்வூரை உள்ளிட்ட தமிழ்நாடு. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார், கடல்நீரில் விளைந்த உப்பிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் விளைந்த உப்பிலும் நுண்நெகிழிகள் இருத்தலைக் கண்டு 2020இல் வெளியிட்டனர். வலையிலிருந்தும் பையிலிருந்தும் ஆடையிலிருந்தும் உதிர்ந்தது உலையில் வந்து சேர்கிறது.

அவ்வாறாயின் பருத்திக்கு மாறினால் போதுமே எனலாம். அதற்கும் ஒரு தடை உண்டு. உலகின் பல கடல்களிலிருந்து எடுத்த நீரை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், மிதக்கும் நூல்துகள்களுள் செயற்கை இழை நூற்றுக்கு 8 அளவே என்றும், எஞ்சியவை பெரும்பாலும் செல்லுலோசு இழைகள் என்றும் கண்டனர். மக்கவேண்டிய பருத்தி ஏன் மக்காமல் மிதக்கிறது? ஆலையில் ஏற்றும் சாயமும் பூச்சும் மக்குதலைத் தாமதிக்கச் செய்யலாம் என்பது ஒரு கருத்து. செடியில் பறித்த பருத்தி வேறு, சாயப்பட்டறையைக் கடந்து வந்த பருத்தி வேறு என்பதை இதனால் அறிகிறோம்.

புதிய தாவர இழைகள்

அண்மைக்காலத்தில் 'தாவரவழி' நீச்சலுடை என விளம்பரப்படுத்துவன மூவகையின. ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறும் நைலான் ஒன்று. நைலான் 11 எனப்படும் இதனைப் பிரெஞ்சு வேதியியலார் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே உருவாக்கினர். இப்போதுதான் அதற்குப் பசுமைப் பெயர் வந்திருக்கிறது. ஆமணக்கு விளைச்சலில் உலகில் முதலிடம் இந்தியாவிற்கே, அதிலும் குசராத்திற்கு. நம் வயல்வரப்பில் விளக்கெண்ணெய்க்காக நிற்கும் செடி பிரான்சில் நூலாவது எண்ண இனிக்கிறது. மக்காச்சோளத்திலிருந்து பெறும் மூலப்பொருளால் ஸ்பான்டெக்சின் எழுபது விழுக்காட்டினை ஆக்கும் முயற்சி இரண்டாவது. லைக்ரா நிறுவனம் 2022இல் இதனை அறிவித்தது. மூன்றாவது இயற்கை இரப்பர். கடலில் மூழ்குவோர் அணியும் தடித்த உடைக்கு வழங்கும் நியோபிரீன் என்னும் செயற்கை இரப்பருக்கு மாற்றாக, மரத்துப் பாலிலிருந்தே அவ்வுடையைச் செய்து சில நிறுவனங்கள் விற்கின்றன. நமக்கு அண்டையில் கன்னியாகுமரி மாவட்டம் இரப்பர் விளையும் நிலம்.

இங்கே இலக்கணம் பயின்றோர் ஒரு வேறுபாட்டினை எளிதில் காண்பர். 'தாவரத்தின் நீங்கிய இழை' என்னுமிடத்து ஐந்தாம் வேற்றுமை; அது பிறந்த இடத்தை மட்டும் சொல்லும். பிறந்த இடம் தாவரமாயிருப்பதால் சேரும் இடமும் மண்ணாகிவிடாது. ஆமணக்கில் பிறந்த நைலானும் நைலானே. நிலக்கரியில் பிறந்த நைலானைப் போலவே அதுவும் எளிதில் மக்காது, துகளாய் உதிரும். பெட்ரோலியச் செலவு குறையும் என்பது அதன் நலம்; கடலுக்கு நலம் என்பது மிகை. விற்போர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகின்றனர். வாங்குவோர் பிரித்துக் கேட்க வேண்டும்.

கடற்பாசியிலிருந்தே நூல் நூற்கலாம் என்பதும் உண்மை. அல்சினேட்டு என்னும் அந்நூல் புண்கட்டும் துணியாகப் பயன்படுகிறது. ஆனால் சோடியம் கலந்த நீர் பட்டால் கூழாகிவிடும். அதில் நீச்சலுடை தைத்தால் கரையேறும்போது என்னாகும் என்பதை எண்ணிக்கொள்க.

நம் கரைக்கு எது பொருந்தும்? இவ்விடத்தில் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் ஆகிய கரிசல் ஊர்கள் நினைவுக்கு வருகின்றன. உமறுப்புலவரின் ஊராகிய எட்டயபுரத்தில் பாரதியாரின் தந்தையார் பஞ்சாலை தொடங்கி நொடித்தார். அம்மண்ணின் கருங்கண்ணிப் பருத்தி மழையை நம்பியே விளையும். பூச்சிமருந்து மிகுதியாக வேண்டாதது. 'டின்னீசு' என்ற பெயரோடு தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே அயல்நாடு சென்ற பருத்தி இக்கரிசலினுடையது. தூத்துக்குடியிலேயே ஆர்வி குழுமத்தாரின் கோரல் ஆலை இயங்கிற்று. 1908இல் அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்கு வ.உ. சிதம்பரனார் தோள்கொடுத்தார். ஆக, கடலும் பருத்தியும் ஒரே வட்டாரத்தில் உள்ளன. கருங்கண்ணியின் இழை குட்டையானது. மெல்லிய நூலுக்கும் வென்டைல் போன்ற நெசவிற்கும் அது உதவாது. தடித்த நூலுக்கு உதவும். பாசியெடுப்போரின் மேற்சட்டைக்கும் காலுறைக்கும் தடித்த துணியே வேண்டுவது.

நெகிழ்ச்சிக்குச் செயற்கை இழை கலந்தே தீரவேண்டும் என்பதும் முழு உண்மையன்று. நெய்த துணி நீளாது. பின்னிய துணி கண்ணிகளின் வளைவால் நீளும். திருப்பூர்ப் பனியன் நீள்வது இதனால்தான். இடுப்பில் இரப்பர் நூலோ நாடாவோ இருந்தால் போதும். போட்டியில் நொடிக்கணக்கில் வெல்ல விழைவோர்க்கு இவ்வாடை ஆகாது என்பதை ஒப்புகிறோம். இடுப்பளவு நீரில் நின்று மிதக்கக் கற்கும் பெண்ணுக்கும், பாறையோரத்தில் பாசி பறிக்கும் தாய்க்கும் நொடி பெரிதன்று. அவர்களைத் துணி தடுக்காமலிருந்தால் போதும். நம் கடல்நீர் வெதுவெதுப்பானது, வடகடற்குளிர் இங்கில்லை. ஆயினும் நீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு விரைவில் உடற்சூட்டைக் கவரும் என்பதால் மூன்று, நான்கு மணிநேரம் நீரில் நிற்போர் நடுங்குவர். அவர்கட்கு மேற்பகுதியில் இரட்டைத் துணி வேண்டும்.

இவற்றையெல்லாம் அம்மாணவியிடம் சொன்னோம். பட்டியலாகச் சொன்னதில் பாதியை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை; "இரட்டைத் துணி காய இரண்டு நாள் ஆகும் ஐயா, விடுதியில் கொடி ஒன்றுதான்" என்றார். தையல் தெரிந்த தம் அத்தையிடம் அடர்நீலப் பின்னல் பருத்தியில் முழங்கால்வரை மேற்சட்டையும், கணுக்கால்வரை ஒட்டிய காற்சட்டையும், கழுத்தோடு இணைந்த தலைமறைப்பும் தைத்துக்கொண்டார். மார்புப்பகுதியில் மட்டும் துணி இரண்டு மடிப்பு. கோடை விடுமுறையில் உறவுப் பெண்கள் நால்வரோடு ஊர்க்கிணற்றில் இறங்கித் தந்தையாரிடமே நீச்சல் பயின்றார். திரும்பி வந்து கூறிய குறை ஒன்றே: மேற்சட்டையின் கீழ்விளிம்பு நீரில் குடைபோல் விரிந்து மேலெழுகிறது. அடுத்ததில் பக்கங்களில் நாடா வைத்துத் தொடையோடு கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னார். உடன் பயின்ற நால்வருக்கும் அதே அளவில் வெட்ட, அத்தைக்குப் பதினொரு மீட்டர் துணி தேவைப்படுகிறதாம்.